கேட்டவர்: மனைவி

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் சொந்தமாகக் கற்பனை செய்யக் கூடாது. யாராவது உண்மையில் பேசியதைக் கேட்டு, சீட்டில் எழுதி, பேசியவர், கேட்டவர், இடம், தேதி எல்லாம் குறிக்க வேண்டும். வந்து சேர்ந்த சீட்டைத் தொலைத்தவரை நான் சும்மா விட்டதில்லை. என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்தார்கள்.

என் கணவரும் அங்கேதான் இருந்தார். பேச்சு வழக்கைச் சேகரிப்பது அவர் வேலை. சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சீட்டு இல்லாமல் வெளியே போகமாட்டார்; எழுதியதைத் தபாலில் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். பேருந்தில் இரண்டு பேர் சண்டை போட்டால் மற்றவர்கள் விலக்கப் போவார்கள், இவர் எழுத உட்காருவார். தெருவில் 'சீட்டுக்காரர்' என்றே பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் சூதாடி போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள்.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. சிறுமூளையில் கட்டி. குளியலறையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. "ஒரு ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். அந்தப் பேச்சை என் மகள் விடாமல் பிடித்துக்கொண்டாள். "அப்பா உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையாம்மா?" மருத்துவமனை வாசலில் கேட்டாள், காரில் கேட்டாள், அவர் சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலடி. அவர் என்னிக்கு வாயத் தொறந்து சொன்னார்? சரியான அழுத்தக்காரர்" என்றேன் ஒவ்வொரு முறையும். அப்படித்தான் நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை ஒன்றுதான் எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் முகம் பார்த்துச் சாப்பிட வைக்கிறது என்று நினைத்தேன்.

போன வாரம் 'பேலன்ஸ்' என்ற சொல் என் மேசைக்கு வந்தது. முப்பது சீட்டு. நடத்துநர் தராத பேலன்ஸ், கைபேசியில் தீர்ந்துபோன பேலன்ஸ், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒருவர் பண்ணிய பேலன்ஸ். இலத்தீனில் இரண்டு தட்டுள்ள தராசைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம் வாய்க்கு வந்திருக்கிறது. நம் தராசு மட்டும் என்ன, அது பாரசீகம்; மீதிக்கு நாம் சொல்லும் 'பாக்கி' அரபு. நிறைகோல் என்று நமக்கென்று இருந்த சொல்லைப் புத்தகத்தில் தூங்கவிட்டுவிட்டோம். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

பதினெட்டாவது சீட்டு அவர் கையெழுத்து.

'எழுந்து நின்னா பேலன்ஸ் போகுது. பேசியவர்: ஆண், அறுபத்திரண்டு வயது. கேட்டவர்: மனைவி. இடம்: சமையலறை.' தேதி, அவர் விழுவதற்கு எட்டு மாதம் முன்பு.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அடுப்பில் பால் இருந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேலன்ஸ்னா ரெண்டு தட்டு. உங்களுக்கு எந்தத் தட்டு எறங்குது?" என்று கேட்டேன். "நல்ல வாக்கியம், சீட்டுல எழுதி வைங்க" என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். வேறு எந்த வீட்டிலும் ஒரு பெண் 'என்ன செய்யுது உங்களுக்கு' என்றுதான் கேட்டிருப்பாள். முப்பது வருடம் சொல்லுக்குச் சொல் வேர் தேடிய நான் அதைக் கேட்கவில்லை.

சீட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மகளும் என்னை விட்டுப் போகமாட்டாள். மூன்று நாள் அது கைப்பையிலேயே கிடந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"திட்டுடி. வாய்க்கு வந்தபடி திட்டிடு" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டதாம்மா மொதல்ல சொன்னார். போன்ல. தலை ஒரு பக்கமா இழுக்குதும்மான்னார். நான் வேலையில இருந்தேன். அம்மாகிட்ட சொல்லுங்கப்பான்னு வெச்சுட்டேன்."

"எப்போடி?"

"புது ஆபீஸ்ல சேர்ந்த அன்னிக்கு. அப்பா ஒண்ணும் சொல்லலன்னு நீ சொல்லும்போதெல்லாம்... எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு, நான்தான் விட்டுட்டேன்னு நெனச்சேம்மா."

அதற்காகத்தான் அத்தனை தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு மாதமாக 'இல்லை, இல்லை' என்று நான் சொல்லச் சொல்ல, என் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். கட்டிக்கொண்டேன். இருவருமே அழுதோம்.

அவள் புது வேலையில் சேர்ந்த தேதி எனக்குத் தெரியும். சீட்டில் இருப்பது அதற்கு அடுத்த நாள். மகள் சொன்னபடியே மறுநாள் காலையில் வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் எழுதச் சொன்னேன், எழுதினார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.