வடித்த தண்ணீர்

வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். வயது இருபத்துநாலு. இப்போதைக்கு இருப்பிடம், மூன்றாம் மாடி வீடொன்றின் குளியலறைத் தரை. நாலங்குல வெள்ளைக் குழாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, துளைப்பான் வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் வில்லைகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு வில்லை, ஏழு ஓட்டை. இன்னும் ஐந்து போட வேண்டும். தூள் புருவத்திலும் முழங்கை மயிரிலும் அப்பியிருந்தது. கதவோரம் நிழலாடியது. நிமிர்ந்தான். அண்ணன், பெரியவன், ஊசி போட்டுக்கொள்ளும் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னடா, கக்கூஸ்ல கச்சேரி?"

"செடி வளக்க."

"மண்ணு எங்க?"

"மண்ணு வேணாம். குழாக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். வேரு அதுல தொங்கும். சத்த தண்ணியிலயே கலந்துருவோம்."

பெரியவன் குழாயைப் பார்த்தான். மூலையில் கிடந்த மீன்தொட்டி மோட்டாரைப் பார்த்தான். மூடி போட்ட தொட்டியைப் பார்த்தான்.

"அட, நம்ம மெஷினு! அதுலயும் குழா, இதுலயும் குழா. இதுக்கு வாரத்துல எத்தன நாளு?"

"நாள் முழுக்க ஓடணும்."

"பாவம்" என்றான் பெரியவன். போய்ப் படுத்துக்கொண்டான்.

பெரியவனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு வண்டி வரும். நாலு மணி நேரம் இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடும். திரும்பி வரும்போது பிழிந்து உதறிய சட்டை மாதிரி வருவான். போன வாரம் அப்படி வந்தவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே போகலடா" என்றான். சோப்பு தீர்ந்துவிட்டது என்பதை எந்தக் குரலில் சொல்வானோ அதே குரலில். சின்னவன் அப்போது தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து. அழுகை வரும் என்று சின்னவன் காத்திருந்தான். வரவில்லை. தொண்டைக்குக் கீழே எல்லாம் பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்திருந்தது. தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான்.

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?" என்று கேட்டான். கேள்வி அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

பெரியவன் செருப்பை ஓரமாகத் தள்ளினான். "ஒரு பச்ச இலைய அப்படியே கடிக்கணும்டா. நறுக்குன்னு. வேக வச்சு வடிச்சு, மறுபடி வேக வச்சு வடிச்சு, கந்தலாக்கி இல்ல."

அந்த வீட்டில் எந்தக் காய் வந்தாலும் அதுதான் விதி. பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்து, மறுபடி வடிக்க வேண்டும். காயிலும் கீரையிலும் இருக்கும் பொட்டாசியம் தண்ணீரோடு போக வேண்டும். போகாமல் பெரியவன் உடம்பில் சேர்ந்தால் அதை வெளியேற்ற ஆளில்லை. ஒரு நாள் நெஞ்சு அப்படியே நின்றுவிடும். சின்னவன் விடிவதற்கு முன்பே நறுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவான். வேகவைப்பதும் வடிப்பதும் பெரியவன் பொறுப்பு.

சின்னவனின் வேலை கீரைத் தொழிற்சாலையில். குளிரூட்டிய கூடத்தில் அடுக்கடுக்காகத் தட்டுகள், ஊதா விளக்கு, ஒரு பிடி மண் இல்லாமல் ஆயிரக்கணக்கில், பச்சையாகவே தின்னும் லெட்டூஸ் கீரை. அவன் தட்டுக் கழுவுகிறவன். குளிர்ந்த தண்ணீரில் மரத்துப்போய், மதியத்துக்குள் விரல்கள் அவனுடையவை என்ற எண்ணமே போய்விடும். அதனால் போனில் எழுத மாட்டான். வாயால் சொல்வான், போன் எழுதிக்கொள்ளும். அங்கே இலையைக் கசக்கி ஒரு சொட்டுச் சாறெடுத்துக் கருவியில் விட்டுச் சத்தின் அளவு பார்க்கும் அம்மாளுக்குச் சொட்டக்கா என்று பெயர். அவளிடம் கேட்டான்.

"எங்க அண்ணனுக்குப் பொட்டாசியம் ஆகாது. அது கம்மியா ஒரு கீர வளக்க முடியுமாக்கா?"

"முடியும். மொத மூணு நாலு வாரம் எல்லாச் சத்தும் குடு. கடைசி ரெண்டு வாரம் அத மட்டும் நிறுத்திரு. செடி கையில இருக்கறத வச்சு வண்டி ஓட்டும்." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆனா ஓரம் கருகும், பாக்க நல்லா இருக்காது. எங்கிட்ட கொண்டாந்து அளக்காம யாருக்கும் குடுக்காதப்பா. ஆயிரத்துக்கு மேல காட்டுச்சுன்னா கிட்டயே போகாதீங்க."

சிகிச்சை நடக்கும் இடத்தில் சாப்பாட்டு விஷயம் பார்க்கும் நர்ஸம்மாவும் ஆயிரத்துக்குக் கீழே என்றால் நாலு இலை தரலாம் என்றார். அன்றைக்கே சின்னவன் அண்ணனிடம் பேரம் பேசினான். "நாப்பது நாள். கீர தட்டுல விழுற வரைக்கும் போ."

"விழுந்தப்புறம்?"

"அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

அதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. நாக்கு சொல்லிவிட்டது. பெரியவன் தலையசைத்துவிட்டான். ஊரில் இருக்கும் அக்கா, வண்டி வரும் நாளெல்லாம் போனில் குடும்பக் குழுவில் "இன்னைக்குப் போனானா?" என்று கேட்பாள். சின்னவன் போனை வாயருகே வைத்து "போனான்" என்பான். ஒரு சொல் போய் விழும். அதற்கு மேல் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எதுவும் தெரியாது.

குழாயை ஜன்னலோரம் பொருத்திய அன்று பெரியவன் எழுந்து வந்து நின்றான். உடம்பு கெடுவதற்கு முன் அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "தண்ணி எப்படிடா ஓடும் இதுல? தலையில அடிச்சாலும் ஓடாது. இந்த முனைய ஒரு விரக்கடை தூக்கு." சின்னவன் தூக்கினான். "போதும் போதும், இப்ப வேகமா ஓடிரும். வேரு குடிக்க நேரம் வேணாமா?" அட்டையை மடித்து அடியில் சொருகி, விட்டு, சொருகி, ஒரு மணி நேரம் அதிலேயே போனது. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் ஒரு முனையில் ஏறி, பன்னிரண்டு ஓட்டைகளுக்கு அடியிலும் சத்தமில்லாமல் நகர்ந்து, மறு முனையில் தொட்டியில் விழுந்தது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று தொட்டிக்குக் கறுப்புப் பையைச் சுற்றினார்கள். பெரியவன் மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தான். இயந்திரத்தோடு இணைப்பதற்காக அறுவை செய்து வைத்த அவனுடைய கை நரம்பும் அப்படித்தான் ஓயாமல் அதிரும்.

"இருபது லிட்டர் குடிக்குது" என்றான். "எனக்கு டாக்டர் குடுக்கறது ஒரு நாளைக்கு ஒரு லிட்டரு. குடுத்து வச்ச பய."

பஞ்சுக் கட்டைகளில் விதை முளைத்தது. சல்லடைக் கிண்ணங்களில் உட்கார வைத்தார்கள். வேர் வெள்ளையாகக் கீழே இறங்கியது. பெரியவன் வண்டியில் போனான், வந்தான். சின்னவன் தட்டுக் கழுவினான், வந்தான். நாட்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு போயின. எந்த நாள் எந்தக் கிழமை என்று தனியே உரித்தெடுக்க முடியவில்லை. செடி மட்டும் வளர்ந்ததால் நாள் போவது தெரிந்தது. பெரியவன் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். டிவி பார்ப்பதை விட்டுவிட்டான்.

இருபத்தாறாம் நாள் சின்னவன் தொட்டியைக் காலி செய்து, பொட்டாசியம் இல்லாத சத்து நீரை நிரப்பினான். முப்பத்தோராம் நாள் ஒரு இலையைப் பையில் போட்டு எடுத்துப்போனான். சொட்டக்கா சாறு விட்டுப் பார்த்தாள். சத்தை நிறுத்துவதற்கு முன் அளந்தபோது நாலாயிரத்துக்குச் சற்று மேலே இருந்தது, இப்போது இரண்டாயிரத்து நூற்றுக்கு இறங்கியிருந்தது. "பரவால்லயே, நல்ல கைதான் உனக்கு. இன்னும் ஒரு வாரம் பட்டினி போடு" என்றாள். அவன் சிரிக்க வேண்டிய இடம் அது. முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. இரண்டு நாளில் அந்த மஞ்சள் பழுப்பாகி, தீயில் காட்டிய காகிதம் மாதிரி சுருண்டது.

"என்னடா இது, செத்துருமா?" என்றான் பெரியவன்.

"சாகாது. பசி. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"அதுங்களுக்குத் தெரியுமா, எதுக்கு நிறுத்துனன்னு?"

"செடிக்கு என்னண்ணா தெரியும்."

பெரியவன் சுருண்ட இலை ஒன்றை விரலால் நீவிவிட்டான்.

அதற்கு அடுத்த சில நாட்களில் செடி தேறியது. கருகிய இலைகள் கருகியபடியே இருக்க, நடுவிலிருந்து வந்த புது இலைகள் பளிச்சென்று பச்சையாக, அகலமாக, ஓரம் சுருளாமல் விரிந்தன. சின்னவன் அதைப் பார்த்து, பசிக்குப் பழகிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தான். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக, விரலில் வழுக்கியது. அதையும் பார்த்தான். பார்த்ததெல்லாம் உள்ளே போய்ச் சேராத நாட்கள் அவை.

முப்பத்தெட்டாம் நாள் சொட்டக்கா கருவியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரமும் சாறு விட்டாள். மூன்றாம் தரமும் விட்டாள்.

"ஏம்ப்பா, பட்டினி போடுன்னு சொன்னா விருந்து வச்சிருக்க? நாலாயிரத்து முந்நூறு! எங்க கீரையிலயே இவ்வளவு இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத அவருக்குக் குடுத்துறாதய்யா."

அவன் வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. பெரியவன் நாற்காலியில் இல்லை. சமையலறையில் இருந்தான். அடுப்புமேடையில் காலையில் சின்னவன் நறுக்கி வைத்த உருளைக்கிழங்கு, வெந்து, வடிந்து, தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. வடித்த தண்ணீர் பாத்திரத்தில் தனியே, வெளிர்மஞ்சளாக. பெரியவன் அதில் சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்த்தான். பிறகு பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கழுவுதொட்டியைத் தாண்டி, ஜன்னலுக்குப் போய், கறுப்புப் பையை விலக்கி, மூடியைத் திறந்து, நிதானமாகத் தொட்டியில் ஊற்றினான். கடைசிச் சொட்டு விழும்வரை பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான்.

திரும்பியபோது தம்பி நிற்பதைப் பார்த்தான்.

"எத்தன நாளா?" என்றான் சின்னவன்.

"மஞ்சளானதுலருந்து."

"அதுல என்ன இருக்குன்னு தெரியாதா உனக்கு?"

"எனக்கா தெரியாது?" பெரியவன் லேசாகச் சிரித்தான். "ரெண்டு வருஷமா அதத்தானடா வடிச்சுக் கொட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன்?"

பெரியவன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. "நீ காலைல போயிருவ. எதுத்தாப்புல உக்காந்து பாக்கறது நான். எனக்காக அதுங்க காயுது. எனக்குத் தொண்டையில எறங்குமாடா அது? ஆறுன தண்ணிதான், உப்புகூடப் போடாதது, வீணாத்தான் போகுது. இந்த வீட்ல யாராவது ஒருத்தர் வயிறாரச் சாப்பிடட்டும்னு ஊத்துனேன்."

சின்னவன் தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் கொடுத்த கெடு, கீரை தட்டில் விழும்வரை. இது தட்டில் விழக்கூடாத கீரை. அப்படியென்றால் அண்ணன் இன்னும் போக வேண்டியவன். அதற்காகத்தான் ஊற்றினானா, இல்லை, சிகிச்சைக்கே போகப்போவதில்லை, இனி இதைத் தின்னவா போகிறோம் என்று ஊற்றினானா? கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவான். அவன் கேட்கவில்லை. வாளியை இழுத்துத் தொட்டியின் அடிக்குழாய்க்குக் கீழே வைத்தான்.

"இத எறக்கிட்டுப் புதுசா நிரப்புறேன். மறுபடி பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

"இப்பத்தான ஊத்துனேன். சாப்பாட்டுல கை வச்சதும் எலைய உருவுவியா? நாளைக்குக் கொட்டிக்கலாம்."

"நாளைக்கு வண்டி வரும்ணா."

"வரட்டும்" என்றான் பெரியவன்.

சின்னவன் அவன் முகத்தைப் பார்த்தான். அதில் படிக்க ஒன்றுமில்லை. வாளியை அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்தான். கீழே யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம். கை ஈரமாக இருந்தது. போனை முழங்கால்மேல் வைத்துக் குனிந்து பேசினான். ஒவ்வொரு சொல்லாகத் திரையில் ஏறியது.

"அம்மா, அக்கா, யாரு மொதல்ல பாத்தாலும் சரி. நான் வாயால சொல்லித்தான் அனுப்புறேன், தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோங்க. உங்ககிட்ட ஒரு மாசத்துக்கு மேல ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன். அண்ணன் மெஷினுக்கு இனிமே போகமாட்டேன்னு சொன்னான். கீர வளர்ற வரைக்கும் போன்னு நான்தான் இழுத்துப் புடிச்சு வச்சிருந்தேன். கீர நல்லா வளந்துருச்சு. ஆனா அவன் அதச் சாப்பிடக் கூடாது. இப்ப உள்ள உக்காந்து ஒவ்வொரு எலையாத் தூக்கி அடியில பூச்சி இருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கான். கதவு வழியாத் தெரியுது. நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி வரும். வரட்டும்னு சொன்னான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல. நான் அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிருவேன். இதப் படிக்கிறவங்க யாராவது ஆறரைக்கு அவனுக்கு ஒரு போன் போடுங்க. போகச் சொல்ல வேணாம். அழாதம்மா. செடி எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க."