இது பிரபுதாஸின் முறை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

மஸ்கட்டில் எங்கள் கீழ்வீட்டுக் குஜராத்திக்காரி ரசீலாபென், தன் அப்பாவைத் தகனம் செய்வதற்குக் காகிதங்களோடு அலைந்த நாளில் வண்டி ஓட்டியவன் நான். கதையில் எனக்கு வேலையில்லை. சாவியை அவள் கணவன் கிரித்திடம் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்கிறேன். படிவத்தின் கேள்விகளில் பாதி நான் இட்டுக்கட்டியவை. எந்த அலுவலகத்துக்கும் போய் விசாரிக்காதீர்கள்.

முதல் தொடக்கம்: 'மரணம் என்பது ஒரு நீண்ட மௌனத்தின்' — வேண்டாம். மௌனத்தின் எது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது: 'ஜூன் மாதம். வெயில் நாற்பத்தாறு டிகிரி.' இது வானிலை அறிக்கை.

மூன்றாவது: 'பிரபுதாஸ் இறந்தபோது அது அவருடைய முறையாக இருந்தது.'

இதை வைத்துக்கொள்வோம். எதற்கான முறை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2

எண்பத்து நான்கு வயது அப்பா பிரபுதாஸுக்குக் குளிர் ஆகாது. ஐம்பத்திரண்டு வயது ரசீலாவுக்குப் புழுக்கம் ஆகாது. இருவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தது விசா. ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்துக்கு அவள்தான் தலைமை. அப்பாவுக்கு ஸ்பான்சர் அவள். கிரித்துக்கும் அவள்தான்.

அவள் ஏசியை இருபதில் வைப்பாள். அவர் போர்வையோடு வந்து இருபத்தெட்டாக்குவார். ஒருநாள் ரிமோட் காணாமல் போயிற்று. ஏசி இருபத்தெட்டிலேயே நின்றுவிட்டது.*

"பாப்பூஜி, ரிமோட் எங்க?"

"எந்த ரிமோட்?"

அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு இது. அதன்பின் பத்தொன்பது நாட்கள், ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் கிரித் வழியாகத்தான்.

"கிரித், அந்தம்மாகிட்ட சொல்லு, தேப்லா ரொட்டியில உப்பு இல்ல."

"அவர்கிட்ட சொல்லுங்க, ரிமோட் வந்தா உப்பும் வரும்."

"நான் என்ன தந்தி ஆபீஸா?" என்றான் கிரித்.

ரசீலாவின் பதினைந்தாவது வயதிலிருந்தே அப்பாவுக்கும் மகளுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சண்டையில் பேச்சு நின்றால் ஒரு தடவை அவள் முதலில் பேச வேண்டும், அடுத்த தடவை அவர். யாரும் எழுதிக் கையெழுத்திடவில்லை. ஆனால் முப்பத்தேழு வருஷமாக ஒரு தடவையும் முறை பிசகியதில்லை. சென்ற தடவை, ஊறுகாய் ஜாடி விவகாரத்தில், அவள் இறங்கிவந்தாள். ஆகவே இந்தத் தடவை அவர்.

இருபதாம் நாள், புதன்கிழமை, பகல் தூக்கத்தில், முறையைத் தன் கையில் வைத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

[* புது ரிமோட் வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். வாங்கினால் அவள் தோற்றதாகிவிடும். உங்கள் வீட்டில் சண்டையே கிடையாதா?]

3

[இந்த இடத்தில் மன்சுக்பாய் என்று ஒருவர் இருந்தார். நெய், விறகு, தர்ப்பை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்பாடு செய்பவர். அவர் இருந்தால் கதை அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். அவரை ராஜ்கோட்டில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன்.]

வியாழக்கிழமை. மணி ஒன்று இருபது. தகன அனுமதி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹமூத். நரைத்த தாடி, பூவேலைத் தொப்பி, நிதானமான மனிதர்.

"இதுதான் கடைசித் தாள், அக்கா. ரெண்டு மணிக்கு மூடிருவோம். நாளைக்கும் நாளான்னைக்கும் லீவு. இப்பக் கையெழுத்துப் போட்டா சாயந்திரமே தகனம். இல்லாட்டி ஞாயித்துக்கிழமதான்."

தாளின் முன்பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'இறந்தவர் முஸ்லிம் அல்லாதவர். அவருடைய ஸ்பான்சராகிய எனக்கு, அவரைத் தகனம் செய்வதில் எந்த ஆட்சேபமும் இல்லை.'

ரசீலா இரண்டு தடவை வாசித்தாள்.

"எனக்கு இருக்கு."

"என்னக்கா இருக்கு?"

"ஆட்சேபம்."

ஹமூத் பேனாவை மூடினார். "அப்ப பொதைக்கணுமா?"

"இல்லல்ல, தகனம்தான். ஆனா அவர் மொதல்ல பேசணும். அவர் முறை."

ஹமூத் கிரித்தைப் பார்த்தார். கிரித் விட்டத்தைப் பார்த்தான்.

"பாய், நீங்க போடுறீங்களா கையெழுத்து?"

"நானும் அவ விசாதான்," என்ற கிரித், குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இதே தாள்தானா?" என்று கேட்டான்.

"இதே தாள்தான்."

அன்றிலிருந்து கிரித் தன் மனைவியிடம் (இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அவன் இன்னும் கீழ்வீட்டில்தான் இருக்கிறான்.)

ஹமூத் விவரமானவர். தாளைத் திருப்பினார். "சரி, அது கெடக்கட்டும். ஏழாவது கேள்வி. பெரியவர் உடம்புல பேட்டரி ஏதாச்சும் இருக்கா?"

"இருந்தாலும் இருக்கும்," என்றாள் ரசீலா. "பத்தொம்பது நாளாத் தேடுறேன்."

"ரசீ!" என்றான் கிரித்.

"நெஞ்சுல வைப்பாங்களே, அதக் கேக்குறேன்," என்றார் ஹமூத். "தீயில வெடிச்சுரும்."

"அவர் எங்க வெச்சார்னு யாருக்குத் தெரியும்?"

ஹமூத் தாடியைத் தடவினார். "அக்கா, பெரியவர் இப்ப எங்க இருக்கார் தெரியுமில்ல? பிணவறையில. அங்க நாலு டிகிரி."

ரசீலா நிமிர்ந்தாள். "நாலா?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும் நாலு."

"கொஞ்சம் கூட்டி வெக்க முடியாதா?"

"ரிமோட்டு என்கிட்ட இல்லையேக்கா."

4

இங்கே வந்ததும் நான் ஒரு வாரம் எழுதவில்லை.

ஹமூத் அப்படிச் சொன்னபின் ரசீலா ஏழு நிமிடம் வாய் திறக்கவில்லை. அந்த ஏழு நிமிடத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தாயில்லாத வீடு, அப்பா வாரிவிட்ட தலை, இப்படி. கிழித்துப்போட்டேன். அவள் பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்திருக்க வேண்டும். இதோ:

[                    ]

ரிமோட் எங்கே என்று இனியும் சொல்லாமல் தீராது. மூன்று இடங்கள் வைத்திருக்கிறேன்.

அ) தன் கடைசி நாளுக்கென்று அவரே மடித்துவைத்திருந்த வெள்ளை உடுப்பின் பையில். அவள் பிரித்துப் பார்க்கிறாள், ரிமோட் இருக்கிறது. ஆக, அவர் தன் முறையைச் செய்துவிட்டார். அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை. சாகும் தேதி தெரிந்து ரிமோட்டை ஒளிப்பவரா அவர்?

ஆ) மெத்தைக்கடியில். எல்லா ரிமோட்டும் அங்கேதான் இருக்கும். ஆனால் அதற்கெல்லாம் கதை எழுதுவார்களா?

இ) கிரித்திடம். அவனுக்கும் குளிர் ஆகாது, சொல்லத் தைரியமில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. ஆனால் காட்டிக்கொடுத்தால் கீழ்வீட்டில் எனக்கு மசாலாத் தேநீர் நின்றுபோகும்.

5

மணி ஒன்று ஐம்பத்து நான்கு. ரசீலா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே, குஜராத்தியில், இரண்டு வரி எழுதினாள்.

"என்னக்கா எழுதுறீங்க?"

"ஆட்சேபம்."

"எங்களுக்கா?"

"அவருக்கு."

ஹமூத் கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு ஏழாவது கேள்விக்கு நேரே, தானே, 'தெரியவில்லை' என்று எழுதி முத்திரையைக் குத்தினார். ஒன்று ஐம்பத்தெட்டு.

சாயங்காலம் ரசீலாவே கொள்ளி வைத்தாள். எதுவும் வெடிக்கவில்லை. தீக்கு முன்னால் எல்லோரும் வியர்த்து ஒதுங்கினார்கள். அவள் மட்டும் நகரவில்லை. "இப்பக் குளிராது," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் இவர்களோடு இருந்ததில் குஜராத்தி நன்றாகவே பேசுவேன். வாசிக்கத் தெரியாது. கிரித்திடம் நீட்டினேன். வாசித்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. தந்தி ஆபீஸ மூடியாச்சு."

ஆகவே அந்த இரண்டு வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.

..................................................

..................................................

அவசரப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, தன் முறை இல்லாதபோது ரசீலா பேசியிருக்கிறாள். அதற்குத் தகுந்த வரியாக இருக்கட்டும். எழுத இங்கேயே வந்து உட்கார்ந்தாலும் சரி, கீழ்வீட்டுக் கூடத்தில் இடம் இருக்கிறது. கொஞ்சம் வியர்க்கும். ஏசி இன்னும் இருபத்தெட்டில்தான் ஓடுகிறது.