ஹேண்ட் இன் என்றால்

எங்கள் மில்லுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ராஜபாளையத்தில் பதினெட்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர். மெஷின் பெட்டிகளின் மேல் இருப்பதையெல்லாம் படித்துப் படித்து, எனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை என்ற திமிர் ஏறியிருந்தது.

அதே மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் அய்யம்மாளுக்கு, மம்சாபுரத்தில் எங்கள் பக்கத்து வீடு. அவள் மகள் சிவரஞ்சனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்ததும் தாயும் மகளும் போனோடு வந்தார்கள்.

‘ஹேண்ட் இன் ஒரிஜினல் டி.சி. பை ஃப்ரைடே ஃபைவ் பி.எம்.’ என்று இருந்தது.

“ஹேண்டுன்னா கை. இன்னுன்னா உள்ள. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள டி.சி. கையில கெடைச்சிரும்னு போட்டுருக்கான்,” என்றேன்.

“டி.சி. நம்ம வீட்லதான இருக்கு மாமா?” என்றாள் சிவரஞ்சனி. “நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணுமோ?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏட்டி, எனக்கே பாடம் எடுக்கியா? குடுக்கணும்னா ‘கிவ்’வுன்னு போட மாட்டானா? இது காலேஜ் சீல் வச்சு அவிய அனுப்புறது.”

“மாமாவுக்குத் தெரியாததா? பேசாம இரு,” என்று அய்யம்மாளும் மகளை அதட்டினாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தபால்காரருக்காக நாள் முழுக்க வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் மூவரும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனோம். ஆபீஸில் இருந்த பெண் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாள்.

“நேத்தோட முடிஞ்சிருச்சும்மா. சீட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த பிள்ளைக்குக் குடுத்தாச்சு. ஹேண்ட் இன்னுன்னா கொண்டாந்து ஒப்படைக்கணும்னு அர்த்தம். யாரும் படிச்சுச் சொல்லலையா?”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை பேசினால் போதும். நான் அந்த ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிவரஞ்சனி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எங்களுக்குப் படிச்சுச் சொல்ல ஆளில்லம்மா,” என்றாள் அய்யம்மாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “நீங்க யாரு சார்?”

“பக்கத்து வீடு,” என்றேன்.