தலை உங்களுக்கு, கால் எனக்கு

கணவன் போகிறேன் என்று சொன்ன அன்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இனிமே என்னால இங்க முடியாது" என்றான். "சரி" என்றாள். மீதித் துணியையும் மடித்து முடித்தாள். எடுத்துப் போக வசதியாக இருக்கட்டுமென்று அவனுடையதைத் தனியாக அடுக்கி வைத்தாள்.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் சரிதான். ஃப்ரிட்ஜ் அவனுக்கு வேண்டுமாம், சரி. கட்டிலும் வேண்டுமாம், சரி. வக்கீலுக்கே பொறுக்கவில்லை. "நீங்க எதுவும் கேக்கலயாம்மா?" என்றார். யோசித்துப் பார்த்தாள். கேட்க ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டு மேசை மட்டும் அவளோடு வந்தது. அதுவும் கேட்டு வந்ததில்லை. அவன் போன வீட்டில் அதை வைக்க இடமில்லை, அவ்வளவுதான்.

பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவாள், நரம்பைத் தட்டிப் பார்ப்பாள், ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். "போட்டதே தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களிலும் அவள் கை தவறவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியாமல் போயிருந்தது. அக்கா தொலைபேசியில் "அழுதியாடி?" என்று கேட்பாள். "வரலக்கா" என்பாள்.

புதிதாக வந்த வீடு இரண்டாவது மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். பாதி அறையை மேசை அடைத்துக்கொண்டது. ஜன்னலோரம் ஏற்கெனவே ஒரு பழைய தையல் மிஷின் நின்றது. காலால் மிதிக்கும் வகை. இரும்புக் கால்களில் கொடி கொடியாக வேலைப்பாடு, கறுப்புத் தலையில் மங்கிய தங்கநிறப் பூக்கள்.

"முன்ன குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது" என்றார் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா. "தூக்க ஆள் கிடைக்கலன்னாங்க. இருந்தா இருக்கட்டும், சோறா கேக்குது? உனக்கு வேணாம்னா சொல்லு, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"இருக்கட்டும்மா" என்றாள். போடச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவளுக்கு ஊசிக்காரி என்று பேர் வைத்ததும் வீட்டுக்காரம்மாதான். சர்க்கரை நோய்க்காரர், வாயை மட்டும் யாராலும் கட்டிப்போட முடியாது. ஒருநாள் படியேறி வந்து மூச்சு வாங்க ஜன்னலைக் காட்டினார். "ஏம்மா ஊசிக்காரி, ஒரு திரை கிடையாதா இதுக்கு? எதிர்வீட்டு மனுசன் டி.வி.ய அணைச்சுட்டு உன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்கான். டி.வி.லயாவது ஏதாச்சும் நடக்கும். நீ அசையாம உக்காந்திருக்க."

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது துணிக்கடையில் கைக்கு வந்த ஒரு நீலத்துணியை வெட்டி வாங்கிவந்தாள். மடித்துத் தைக்க வேண்டும். தையற்காரரிடம் போனால் அளவு கேட்பார், வீடு எங்கே என்பார், வீட்டில் எத்தனை பேர் என்பார். மிஷின் இங்கேயே இருக்கிறதே என்று பக்கவாட்டுச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். கல்லாக இருந்தது.

கைப்பேசியில் தேடியபோது வழுக்கைத் தலையர் ஒருவர் பழைய மிஷின்களைப் பற்றி நிதானமாகப் பேசும் வீடியோக்கள் கிடைத்தன. மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பலத்தைக் காட்டாதே. அவசரப்படாதே. சமையல் எண்ணெயை விடாதே. கடைசியைச் சொல்வதற்குள் இங்கே காரியம் கெட்டிருந்தது. மேல் மூடியைக் கழற்றியதும் உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் பிசின். யாரோ அடுப்படி எண்ணெயை விட்டு, அது காய்ந்து இறுகிக்கிடந்தது.

மண்ணெண்ணெய் வாங்கிவந்தாள். எண்ணெய் விடுவதற்கான துளைகள் மிளகு அளவுதான் இருந்தன. அதற்கென்று நீண்ட மூக்குள்ள டப்பா விற்கிறதாம். அவளிடம் சிரிஞ்ச் இருந்தது. ஒவ்வொரு துளையிலும் ஊசி முனையை வைத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெயை இறக்கினாள். இரும்பும் இரும்பும் உரசும் இடத்திலெல்லாம் விட்டாள். பிறகு சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினாள். மயிரிழை அசைந்ததா, தன் கைதான் வழுக்கியதா என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் படுத்தாள்.

இப்படியே பல நாள் போயிற்று. வேலையிலிருந்து வருவாள், கையைக் கழுவுவாள், மண்ணெண்ணெய் விடுவாள், ஆட்டுவாள், துடைப்பாள். ஊசிக்கடியில் இருந்த தகட்டைக் கழற்றியபோது, துணியை நகர்த்தும் சின்னப் பற்களுக்கிடையில் பஞ்சு கம்பளம் மாதிரி அடைந்துகிடந்தது. ஊசி முனையால் கிளறி எடுத்தாள். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று யார் யாருடைய துணியோ. மிஷின் தலையையும் பளபளப்பாக்கலாமென்று மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்ததில் தங்கப்பூ ஒன்று முழுசாகத் துணியோடு வந்துவிட்டது. வழுக்கைத் தலையர் அதையும் சொல்லித்தான் இருந்தார், அவள்தான் கடைசிவரை பார்க்கவில்லை. பூ இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. ஐயோ என்று தோன்றும் என்று பார்த்தாள். தோன்றவில்லை. துணியை அலசிப் போட்டாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சக்கரம் கால்வாசி சுற்றி நின்றது. திரும்ப ஆட்டினாள், அரைவாசி. பிறகு கரகரவென்று முழுச்சுற்றும் வந்தது. ஊசிக்கம்பி மேலே போய்க் கீழே இறங்கியது. மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விட்டாள். கரகரப்பு போய்க் கிடுகிடு என்று ஓடத் தொடங்கியது. கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஓடுவது வேறு, தைப்பது வேறு. பெல்ட் பொடிந்துபோயிருந்ததால் புதுத் தோல் பெல்ட் வாங்கி, நீளம் பார்த்து வெட்டி, கம்பிக் கொக்கி போட்டு மாட்டினாள். மிதித்தாள். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நிறுத்தி மிதித்தாள், மறுபடியும் பின்பக்கம். கையால் சக்கரத்தைத் தன் பக்கம் தள்ளிக்கொடுத்து, அதே மூச்சில் காலையும் சேர்க்க வேண்டுமாம். நூல் போடாமல் பழைய செய்தித்தாளை வைத்து ஓட்டிப் பழகினாள். முதல் நாள் கோடுகள் எறும்புக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி போயின. போகப்போக எறும்பு தெளிந்தது.

நூல் போட்டால் தையல் விழவில்லை. விட்டு விட்டு விழுந்தது. நூலின் இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். அடிநூல் சுற்றும் பாபினை மாற்றிச் சுற்றினாள். கடைசியில் ஊசியைக் கழற்றிப் பார்த்தால் அதன் தட்டைப்பக்கம் எதிர்த்திசையில் இருந்தது. மாட்டியது அவள்தான். நாளெல்லாம் ஊசியோடு இருக்கிறவள். திருப்பி மாட்டியதும் நீலத்துணியில் ஒரே சீராகத் தையல் இறங்கியது.

திரை ஒரு ஓரம் ஏறியும் ஒரு ஓரம் இறங்கியும் இருந்தது. மாட்டினாள். அறைக்குள் வெளிச்சம் நீலமானது.

அந்த வாரமே ஒரு பெண் வந்தாள். பின்னால் வீட்டுக்காரம்மாவும், வாசலில் வேன் ஓட்டுகிறவரும்.

"முன்ன இங்க இருந்தாங்களே, நான் அவங்க மருமக" என்றாள். நல்ல உடுப்பு, கண்ணுக்கு மை. "பியூட்டி பார்லர் ஆரம்பிக்கிறேன். கண்ணாடி முன்னாடி போட ஒரு மேசை வேணும். இந்த மாதிரி இரும்புக் கால்மேல கண்ணாடி போட்டா அழகா இருக்கும். மாமியார்ட்ட கேட்டேன், எடுத்துக்கோன்னாங்க. தலை வேணா நீங்களே வெச்சுக்கங்க. எனக்குக் கால் போதும்."

"ஏம்மா," என்றார் வீட்டுக்காரம்மா, "தலைய ஒருத்தருக்கும் கால ஒருத்தருக்கும் பிரிச்சுக் குடுக்க இதென்ன ஆட்டுக்கறியா?"

"எங்க பொருள்தானேம்மா."

அது உண்மை. வேன்காரர் உள்ளே வந்து குனிந்து, காலில் திருகாணி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். சரி என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது.

"தரமாட்டேன்" என்றாள்.

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வேன்காரர் நிமிர்ந்தார். அவள் மிஷின் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது, உங்க பொருள் மாதிரி பேசறீங்க?"

"என்னோடது இல்லதான். ஆனா ஓடுது. கால எடுத்துட்டா ஓடாது."

"கையால சுத்திக்கலாமே."

"முடியாது. ஒரு கையால சுத்தினா துணியப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும்" என்றாள். மேலும் என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. பூ அழிந்துபோனதை, எறும்புக் கோடுகளை, எல்லாவற்றையும். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கையை நீட்டிச் சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். "உங்களுக்கு மேசைதானே வேணும். அத எடுத்துக்கங்க."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். நல்ல தேக்கு. மேலே துவைத்த துணியும் சீப்பும் மாத்திரை அட்டைகளும் கிடந்தன. அந்தப் பெண் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஆறு பேர் உக்கார்ற மேசைங்க. நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான். ஆறு பேர் ஒருநாளும் உக்காந்ததில்ல."

"அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். நீங்களும் மிஷினக் கேட்டு வரக் கூடாது. இவங்க சாட்சி."

வீட்டுக்காரம்மா தலையை ஆட்டினார். மேசை முழுசாக வாசலில் நுழையவில்லை. வேன்காரர் நாலு காலையும் கழற்றி, பலகையைச் சாய்த்துப் படியில் இறக்கினார். துணிகளையும் சீப்பையும் தரையில் வைத்துவிட்டு அவள் கூடவே ஒரு பக்கம் பிடித்தாள். படித்திருப்பத்தில் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. "போனா போகுது" என்றார் வீட்டுக்காரம்மா.

வேன் போனபிறகு மேலே வந்தாள். அறை பெரிதாக இருந்தது. மேசைக்கடியில் இதுவரை பெருக்காத இடத்தைப் பெருக்கினாள். இப்போதாவது வரும் என்று சுவரோரம் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. கோபம் இருந்தது. யார்மேல் என்று பார்த்தால் அந்தப் பெண்மேல் இல்லை. மடித்து அடுக்கிக் கொடுத்த சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. எழுந்து சோறு வைத்தாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு கூடியிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் வீட்டுக்காரம்மா துணியோடு மேலே வந்தார். "ரெண்டு தலகாணி உறை தைச்சுக் குடு. கோணலா இருந்தா பரவால்ல, தூங்கினப்புறம் யார் பாக்கப் போறா" என்றார். தைத்துக் கொடுத்தாள். அவர் இறங்கிப் போன வேகத்திலேயே திரும்பி ஏறி வந்தார், ஓர் உறையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி.

"ஊசிக்காரி, நாலு பக்கமும் தைச்சு வெச்சிருக்க. தலகாணி எப்படி உள்ள போகும்? மந்திரம் போட்டா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். நாலு ஓரமும் நேராக, நெருக்கமாக, நல்ல தையல்.

"உக்காருங்கம்மா" என்றாள். "ஒரு பக்கம் பிரிச்சுத் தரேன்."

கத்தரிக்கோலின் முனையை முதல் தையலுக்கடியில் விட்டாள்.