இருநூற்றுப் பதினோரு வட்டங்கள்

என் அம்மாவின் நோட்டுகளைப் பற்றிப் பேச நான்கு துறைகளிலிருந்து நான்கு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவை என் அம்மாவுடையவை என்று அவர்களுக்குத் தெரியாது. நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, கேட்ட பக்கத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் என் வேலையே அதுதான்: பழைய காகிதங்களை ஸ்கேன் செய்வது, கேட்டவருக்குக் காட்டுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது.

அலமாரியில் இடம் இல்லை, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு என்று அம்மா இருபத்திரண்டு நோட்டுகளை எடுத்து வைத்தாள். வருடத்துக்கு ஒன்று. எனக்கு மனசு வரவில்லை. ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்று பொய் சொல்லி நூலகத்தில் கொடுத்துவிட்டேன். "காலை மழை. பால் தாமதம். எதிர் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள்." தினமும் இப்படி இரண்டு மூன்று வரிதான். இதையெல்லாம் யார் சீண்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். பதிவு செய்யும் மேடம், எழுதியவர் என்ற கட்டத்தில் "பெண், பெயர் தெரியவில்லை" என்று போட்டார். இறந்த ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாதாம்; அதனால் அங்கே ஒரு கேள்விக்குறி. ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து, எந்த ஆண்டு என்பதில்தான் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றோடு பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அம்மா காலமாகிவிட்டாள்.

சண்டை முழுக்க ஓரத்தில் இருந்த வட்டங்களைப் பற்றி. சில நாட்களுக்கு நேரே பேனாவால் ஒரு சின்ன வட்டம் இருக்கும். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. எல்லாம் முதல் ஒன்பது நோட்டுகளில். அதற்குப் பிறகு மருந்துக்கும் ஒன்று கிடையாது.

சுள்ளென்ற வெயிலிலும் குடையோடு வரும் வானிலைக்காரர், வட்டம் என்றால் மேகமில்லாத வானம் என்றார். வட்டம் போட்ட அறுபது நாட்களில் மழை என்று எழுதியிருக்கிறதே என்று மற்றவர்கள் கேட்டதும், எழுதியவர் கவனமில்லாதவர் என்று ஒரே போடாகப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவனமில்லாமல் ஒரு பொத்தானைக்கூட அம்மா தைத்ததில்லை.

வரலாற்றுப் பேராசிரியை அதை ஒரு குடும்பப் பெண்ணின் மௌன எதிர்ப்பு என்றார். எதை எதிர்த்து என்று மட்டும் சொல்லவில்லை. மொழியியல்காரர் வரைபடம் காட்டினார்: வட்டம் போட்ட நாட்களில் வாக்கியங்கள் மற்ற நாட்களைவிட மூன்று சொல் கூடுதலாக இருக்கின்றனவாம். ஏன் என்று கேட்டால், ஏன் என்பது தன் துறையில் வராது என்றார். பூதக்கண்ணாடியும் கையுமாக வந்திருந்த நரம்பியல் டாக்டர், அந்த நாட்களில் பேனா அழுத்தம் குறைந்திருக்கிறது, கை தளர்ந்திருக்கிறது, ஆகவே கடும் தலைவலி என்று முடித்தார். நாலு பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதே சரி என்று பட்டது. ஆளுக்கொரு பெண்ணைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காலையில் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது இவர்களில் எவள் என்று எனக்கே குழம்பிவிட்டது.

எழுதியவரையே கேட்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பேராசிரியை பெருமூச்சு விட்டார். மற்ற மூவரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் போய் அறையின் விளக்கைப் போட்டேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்காததற்குக் காரணம், நானும் ஒரு ஆராய்ச்சி செய்து வைத்திருந்ததுதான். ஸ்கேன் செய்யும்போது வட்டம் போட்ட இரண்டு தேதிகள் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தன. ஒன்று, பந்தை எறிந்து பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை நான் உடைத்த நாள். மற்றது, வகுப்பில் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்து அவளை அழ வைத்த நாள். கடைசி வட்டம், பதினாலு வயதில் நான் ஹாஸ்டலுக்குப் போனதற்கு முந்தின வாரம். நான் அவள் உயிரை வாங்கிய நாட்களை அம்மா குறித்து வைத்திருக்கிறாள். நான் போனதும் அவளுக்கு விட்டது சனி. இதற்கு எந்த டாக்டரும் வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் அவள் வாயால் அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் பேச்சென்றால் கேஸ், மாத்திரை, கரண்ட் பில், அவ்வளவுதான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டேன்.

"உன் நோட்டுல ஓரத்துல வட்டம் போட்டிருக்கியே. அதெல்லாம் நான் உனக்குத் தொல்லை குடுத்த நாளா?"

அம்மா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். என் கேள்வி அவளுக்கு முதலில் புரியவே இல்லை.

"தொல்லையா? நீ ஸ்கூல் விட்டு வந்து, நான் கேக்காமலே எங்கிட்ட ஏதாவது சொன்ன நாள்டி அது."

கண்ணாடியை உடைத்ததை யாரும் பார்க்கவில்லை. நானேதான் ஓடிவந்து சொன்னேன். முடியைப் பிடித்து இழுத்ததையும் நானாகத்தான் சொல்லி அழுதேன். இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று தெரியவில்லை.

"படிப்பு முடிஞ்சு நான் திரும்பி வந்துட்டேனே," என்றேன். "அதுக்கப்புறமும் நாலு நோட்டு எழுதியிருக்கே. அதுல ஒண்ணுகூட இல்லையே."

"வந்தே," என்றாள் அம்மா. "எதுவும் சொல்லலையே."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போல் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அன்றைக்கு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், அன்று நடந்த கூட்டத்தையே சொன்னேன். நோட்டுகளை நூலகத்தில் கொடுத்தது, குடைக்காரர், வரைபடம், பூதக்கண்ணாடி, நாலு பேரும் தலை குனிந்தது, ஒன்றையும் விடவில்லை. அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் செத்துட்டேன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா," என்றேன். "நீ இருக்கேன்னு நான் சொல்லலை."