கீரியின் இருபத்திரண்டு மில்லி

எங்கள் வீட்டில் நாற்பது நாள் ஒரு சண்டை நடந்தது. கத்திக்கொண்டோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டோ நடந்த சண்டை இல்லை. என் கணவர் என்னை "மேடம்" என்றார், நான் அவரை "சார்" என்றேன், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே கம்பெனி, அங்கே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். காலையில் அவர் டம்ளரை நீட்டி, "மேடம், சர்க்கரை போதுமா?" என்று பவ்யமாகக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த என் மாமியார், நாங்கள் குடித்தனம் நடத்துவது எந்த ஆபீசில் என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சண்டைக்குக் காரணம் ஒரு கார். பெயர் கீரி. கடைக்கு வரும்போது வேறு நல்ல பெயராக வைப்பார்கள், ஆனால் எங்களுக்கு அது கடைசிவரை கீரிதான். நாங்கள் வேலை பார்ப்பது சின்ன கம்பெனி. வருடத்துக்கு முந்நூறு ஸ்போர்ட்ஸ் கார் செய்தால் எங்களுக்கு அது அமோகம். கீரி ஓடினால் கம்பெனி ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் வேலை கிளே. முழுக் காரையும், நிஜ அளவில், களிமண்ணில் செய்வது. அடுப்பில் வைத்து இளக்கிய கிளேயை மரச்சட்டத்தின் மேல் அப்பி, அது இறுகியதும் எஃகுத் தகட்டால் சுரண்டிச் சுரண்டி உருவம் கொண்டுவர வேண்டும். "மருமக கார் கம்பெனியில மண்ணு பிசையிறா" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். தப்பொன்றும் இல்லை. பதினாலு மாதம் பிசைந்தேன். எங்கள் பிரிவில் கண்ணை மட்டும் நம்ப மாட்டோம். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் எனக்குக் கையில் தட்டும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைத்துக்கொண்டதும் இல்லை.

கணவருடைய வேலை, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி போகும் வழி. நாலு சக்கரத்துக்கும் போக வேண்டும் என்று பதினோரு வருடமாக ஒரே பாட்டு. அதனால் ஷாப்பில், அதாவது எங்கள் பட்டறையில், அவருக்கு 'நாலுகால்' என்று பெயர். முன்பு எங்கள் கார்கள் எல்லாவற்றிலும் பின்சக்கரம்தான் தள்ளும். மழையில், வளைவில், கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். அதைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கீரியில் முதல்முறையாக நாலு சக்கரமும் இழுக்கும்.

சிக்கல் இதுதான். முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டு எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகிறது. அதற்கு இடம் விட எஞ்சின் மேலே ஏற வேண்டும். எஞ்சின் ஏறினால் அதை மூடும் பானெட்டும் ஏற வேண்டும். இடையில் ஒரு காலி இடமும் கட்டாயம் விட வேண்டும். ரோட்டில் நடந்து போகிறவர் தெரியாத்தனமாக வந்து பானெட்டில் விழுந்தால் தலை எஞ்சினில் இடிக்கக் கூடாது. இதில் பேரமே கிடையாது. என் களிமண் கீரியின் பானெட் தரையிலிருந்து 861 மில்லிமீட்டர். அவருடைய சோதனை வண்டியில், எஞ்சினும் காலி இடமும் சேர்ந்து, 883. வித்தியாசம் இருபத்திரண்டு.

இருபத்திரண்டு மில்லி என்றால் ஒன்றரை விரல் அகலம், அதற்கா இவ்வளவு ரகளை என்று கேட்பவர்களுக்கு நான் காரியமாகவே செய்து காட்டினேன். களிமண் காரின் இடது பாதியை அப்படியே விட்டேன். வலது பாதியில் இருபத்திரண்டு மில்லி ஏற்றினேன். இடப்பக்கம் நின்று பார்த்தால் கீரி. வலப்பக்கம் போனால் பெருச்சாளி. வடிவமைப்புத் தலைவர் ஒரு சுற்று சுற்றி வந்து, வலப்பக்கத்தை ஒரு துணி போட்டு மூடச் சொன்னார். மறுநாளே அதைச் சுரண்டிப் பழையபடி கீரியாக்கிவிட்டேன்.

எஞ்சினைப் பின்னால் தள்ளலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். தள்ளலாம், ஓட்டுகிறவர் காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்றார் கணவர். பானெட்டின் நடுவில் மட்டும் ஒரு மேடு வைக்கலாமே என்று அவர் கேட்டார். கீரிக்கு முதுகில் கட்டி வந்திருக்கிறது என்று ஊரே பேசும் என்றேன். அன்று சாயங்காலம் ஒரே வண்டியில்தான் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் ரேடியோ பேசியது.

கடைசியில் விஷயம் முதலாளியம்மாவிடம் போனது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"ஒண்ணு பானெட் இப்படி இருக்கட்டும், இல்ல நாலு சக்கரமும் ஓடட்டும். ரெண்டும் வேணும்னு ஆளுக்கொரு பக்கம் நின்னீங்கன்னா நான் எந்தக் காரைச் செய்யிறது? வர்ற வியாழக்கிழமை வந்து பாத்துட்டு ஒண்ணை எடுத்துடறேன்."

ஆக, வியாழக்கிழமை ஒன்று என் பதினாலு மாதம் போகும், இல்லாவிட்டால் அவருடைய பதினோரு வருடம் போகும். போகிறது எதுவானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சல். அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். சண்டைக்கு முன்னால் ஒருநாள் சோதனைத் தளத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினார். நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டேன். வளைவு வந்தது, போனது. வண்டி ரோட்டை விடவில்லை. எங்கள் கல்யாணமான புதிதில் மழையில் அவர் ஓட்டிய வண்டி சறுக்கி, பின்சீட்டில் இருந்த அவர் அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமில்லாமல் தன்னைப் போல் பயந்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று அவர் ஆரம்பித்தது அன்றுதான். அதனால் எனக்கு அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

திங்கட்கிழமை இருக்கைப் பிரிவுக்காரர் வந்து ஆள் கேட்டார். சோதனை வண்டியில் உட்கார்ந்து பார்க்க எல்லா உடல்வாகிலும் ஆட்கள் வேண்டும். ஷாப்பில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே மாதிரி வற்றல் உடம்பு. நல்ல ஆகிருதியாக இரண்டு பெண்கள் கிடைத்தால் தேவலை என்றார். என் மாமியார் விஷயம் தெரிந்ததும் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் அழகாக உடுத்திக்கொண்டு, கைப்பையும் குளிர்கண்ணாடியுமாக வந்து இறங்கினார்கள்.

ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஏறுவதில்லை, இறங்க வேண்டும். மாமியார் முதலில் தலையை விட்டுப் பார்த்தார், பிறகு காலை விட்டுப் பார்த்தார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார். இதைச் செய்தவன் வீட்டில் பெரியவர்களே இல்லையா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. செய்தவன், அவர் பெற்ற பிள்ளைதான், அட்டையும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்று, பெடல் எட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சின்ன அத்தை மறுபக்கம் உட்கார்ந்து கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

நான் முன்சக்கரத்தருகே சும்மா நின்றேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரைப் பார்த்தாலும் டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்ப்பேன். என் களிமண் கீரியில் இரண்டு விரல் போகும். அவருடைய சோதனை வண்டியில் எப்போதும் மூன்று போகும். தண்ணீரில் நடக்கிறவன் பேண்டைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றும் கை தானாகப் போனது. இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை.

வெளியே எடுத்து மறுபடி நுழைத்தேன். இரண்டுதான்.

"அத்தை, கொஞ்சம் இறங்குங்களேன். சின்ன அத்தை, நீங்களும்."

இப்போதுதானே உட்கார்ந்தோம் என்று முனகிக்கொண்டே இருவரும் ஏறி வந்தார்கள். வண்டி மெல்ல எழும்பியது. மூன்று விரல் போனது. மறுபடி உட்காரச் சொன்னேன். இரண்டு விரல். இன்னொரு முறை இறங்கச் சொன்னபோது மாமியார் பெல்ட்டைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

"இனிமே என்னை எழுப்பணும்னா கிரேன் கொண்டு வாம்மா."

"ஏங்க" என்று கூப்பிட்டேன். அவ்வளவு பேர் நடுவில், நாற்பது நாளைக்குப் பிறகு, அது தானாக வந்துவிட்டது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். ஷாப்பில் இரண்டு பேர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"883ன்னு அளந்தீங்களே, அப்போ உள்ள யாரு உக்காந்திருந்தாங்க?"

"யாரும் இல்ல. காலி வண்டியில அளந்தாத்தான் கணக்கு மாறாம இருக்கும்."

"பெட்ரோல்?"

"அதுவும் காலி."

எங்கள் பிரிவில் ரோட்டில் ஓடும் கார் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் களிமண்ணை நிறுத்துவோம். ரோட்டில் காலி வண்டி ஓடாது. ஆகவே இரண்டு பேர், அரை டேங்க் பெட்ரோல், அந்தக் கனத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு இறக்கித்தான் சக்கரம் வைப்போம். இதை யாரும் எழுதி வைத்ததில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது. காலியாக அளப்பதை அவர்களும் எழுதி வைத்ததில்லை. இரண்டு பிரிவும் தரையிலிருந்துதான் அளந்தோம். இரண்டும் சரியான அளவு. உள்ளே ஆள் உண்டா என்று ஆறு வாரம் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரே மேஜையில் சாப்பிடுகிற நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

அவர் அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அரை டேங்க் ஊற்றினார்கள். உயரம் அளக்கும் கோலைப் பானெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாமியாரும் சின்ன அத்தையும் ஜம்மென்று உள்ளே இருக்க, அளவு 867. என் கணவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முதலில் நன்றாகக் கோபம் வந்தது. பிறகு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறு போய்விட்டது. மீதி ஆறு. கையில் இருந்தது மூன்று நாள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளை மாற்றி, தண்டைச் சாய்த்து, அவர் நாலு மில்லி இறக்கினார். அதற்கு மேல் அரை மில்லி சாய்த்தாலும் தண்டின் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். புதன்கிழமை மத்தியானம் வந்து, இன்னும் இரண்டு இருக்கிறது, என்னால் முடியவில்லை என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் போனதும் கிளேயை இளக்கினேன். எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு, இரண்டு மில்லி அப்பினேன். நாலு பக்கமும் முழங்கை நீளத்துக்கு இழுத்து இழுத்து மழுங்க வைத்தேன். பதினாலு மாதம் பத்தில் ஒரு மில்லிக்கு ஊரோடு மல்லுக்கட்டியவள் நான். அழுகை வந்தது, அழுதேன். பிறகு கையுறை போட்டுத் தடவிப் பார்த்தேன். நான் அறிய எனக்கு மட்டும்தான் தட்டும். மீதி இரண்டை எங்கள் பிரிவு பார்த்துக்கொண்டது என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

வியாழக்கிழமை முதலாளியம்மா களிமண் காரை நாலு சுற்று சுற்றினார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். ரெண்டும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றோம். அப்படியென்றால் இத்தனை நாள் எனக்கு ஏன் தலைவலி கொடுத்தீர்கள் என்றார். வடிவமைப்புத் தலைவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி, மழையில் ஓட்டுகிற காரில் குடையை எங்கே வைப்பது என்று கேட்டார். அதை யாருமே யோசிக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கீரியும் மட்டும் இருந்தோம். அவர் என் கையுறையைக் கேட்டார். அவர் கைக்கு அது பாதிதான் ஏறியது. பானெட்டின் மேல் கையை வைத்து, முரட்டுத்தனமாக, நான் சொல்லிக்கொடுக்காத விதத்தில் தடவிக்கொண்டே போனார். சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இங்கதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்றேன்.

"கைக்கு ஒண்ணும் தெரியல. இதுக்கு நேர் கீழதான் என்னால இறக்க முடியாத அந்த ரெண்டு மில்லி இருக்கு."

கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி, மேடம்" என்றார். அந்த ஒரு தடவை எனக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை.