பூஜ்யத்தை எண்ணக் கூடாது

கணிதத் துறையில் அந்தப் பேராசிரியருக்கு மூணு சார் என்று பெயர். சூடேறச் சூடேறத் தானே மேலும் வெப்பம் உண்டாக்கும் கம்பி ஒன்று. அதன் இரண்டு முனைகளும் பனிக்கட்டியில். நடுவில் சூடு எத்தனை விதமாக நிலைகொள்ள முடியும்? சார் ஆராயும் எல்லை மதிப்புக் கணக்கு என்றால் ஏறக்குறைய இதுதான். எந்தக் கணக்கை எடுத்தாலும் குறைந்தது மூன்று நேர்மறைத் தீர்வு, அதாவது பூஜ்யத்துக்கு மேலே நிற்கும் மூன்று விடை, உண்டு என்று சார் நிரூபித்துவிடுவார். பதினோரு கட்டுரை. அந்த விடை என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. இருக்கிறது, அவ்வளவுதான்.

அவரிடம் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து மாய்ந்த மாணவிக்கு, ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி வாரத்தில்தான் கண் திறந்தது. மூன்றில் மிகச் சிறியது பூஜ்யமாகவே இருந்து தொலைக்கலாம். கம்பி முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தால் அதுவும் ஒரு விடைதான், நேர்மறை இல்லை. சும்மா கிடக்கிற கம்பியையும் சேர்த்து எண்ணியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, ஒரே வரியில் சரிசெய்யலாம்: குளிர்ந்து கிடந்தாலும் கம்பி கொஞ்சமாவது வெப்பம் உண்டாக்கும் என்று நிபந்தனை போட்டால் போதும். போட்டாள்.

சார் படித்தார். அந்த வரியைப் பேனாவால் அடித்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, இதையெல்லாம் யாரும் பார்க்கப்போவதில்லை என்றார். அந்த வரி இங்கே இருந்தால், அவருடைய பதினோரு கட்டுரையிலும் அது ஏன் இல்லை என்ற கேள்வி வரும். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்து. வாயை மூடிக்கொண்டு கீழே அலுவலகத்துக்கு இறங்கினாள்.

அங்கிருந்த அலுவலக அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டி, அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"அடிச்ச இடத்துல நீங்களும் கையெழுத்துப் போடணும்மா. உங்க சம்மதத்தோடதான் அடிச்சதுன்னு."

மணி மூன்றரை. ஆறு வருஷத்தில் எத்தனையோ விழுங்கியிருக்கிறாள். இது தொண்டைக்குள் இறங்க மறுத்தது. அடித்த வரிக்கு மேலே அதே வரியை மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படியானால் சாரும் இன்னொரு தடவை போட வேண்டும் என்றார் அந்த அம்மா, கொஞ்சமும் சலிக்காமல். சலிப்பு மொத்தத்தையும் இவளுக்கே விட்டுவைத்திருந்தார் போல.

மூன்று மாடி. லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. மூச்சிரைக்க ஏறிப் போய் ஆய்வேட்டை சார் மேசையில் வைத்தாள்.

"இந்த வரி இருக்கட்டும் சார். இல்லன்னா தலைப்புல இருக்கிற மூணை ரெண்டுன்னு மாத்தணும். வேற வழி கிடையாது."

சார் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்துவார் என்று அவள் காத்து நின்றாள்.

"அந்தப் பதினோரு பேப்பரை இப்ப நான் என்னம்மா பண்றது?"

ஆறு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மணி மூன்று ஐம்பது.

"முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க சார். மத்ததை நாளைக்கு உக்காந்து பார்க்கலாம்."

போட்டார்.